ஒரு ஓட்டத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

கோயம்புத்தூர் கணபதி பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அம்பாசிடர் காலத்தில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றவன். புது வண்டி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன்போ, போய்க் குழம்பித் திரும்பிய பின்போ இந்தப் பக்கம் ஒரு எட்டு வந்துவிட்டுப் போவது வழக்கம். முன்பெல்லாம் கேள்வி சின்னது: "அண்ணா, பெட்ரோல் எடுக்கலாமுங்களா, டீசல் எடுக்கலாமுங்களா?" இப்போது பெட்ரோலிலேயே சாதா, டர்போ என்று இரண்டு, அதற்கு மேல் சிஎன்ஜி, ஹைப்ரிட், எலெக்ட்ரிக். வீட்டில் ஆளுக்கொரு கட்சி. பையன் டர்போ என்பான், அப்பா டீசல் என்பார், மாமனார் போன் போட்டு சிஎன்ஜி என்பார்.

பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்பேன்: "வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினா, ஆஃப் பண்றதுக்குள்ள எவ்வளவு தூரம் ஓடும்?"

மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார்கள். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். மாதக் கிலோமீட்டர் உங்கள் பர்ஸுக்கான கணக்கு. ஒரு ஓட்டத்தின் தூரம் இன்ஜினின் ஆயுசுக்கான கணக்கு. இரண்டும் தெரிந்தால்தான் இன்ஜினைத் தேர்ந்தெடுக்க முடியும்.

நான் தொழில் கற்ற காலத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. அம்பாசிடர், பியட், அப்புறம் மாருதி 800. சொந்த உபயோகத்துக்கு என்றால் பெட்ரோல். டாக்ஸி என்றால் டீசல். பெட்ரோல் அம்பாசிடரை வாங்கி, இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றிக்கொண்ட டாக்ஸிக்காரர்கள் ஏராளம். டீசல் என்றாலே புகை, சத்தம், குளிர்காலக் காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை காத்திருப்பு. ஆனால் பழுது பார்ப்பது சுலபம். நாசிலைக் கழற்றி பம்ப் கடைக்குக் கொடுத்தனுப்பினால் சாயங்காலம் வந்துவிடும்.

டீசல் குடும்பத்துக்குள் வந்தது 1998-க்குப் பிறகு. அந்த வருஷம் மாருதி ஜென்னில் பியூஜோவின் 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் வந்தது. வருஷக் கடைசியில் டாடா இண்டிகா வந்தது. ஆனாலும் டீசல் காரின் சத்தத்தை வீட்டுப் பெண்கள் மறந்தது, டீசலை உயர் அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் வந்த பிறகுதான். 2007-ல் ஸ்விப்ட்டில் பியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின் வந்தது. அதே இன்ஜின் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, மான்சா, புண்டோ, லீனியா என்று கம்பெனி பேதமில்லாமல் எல்லா பானெட்டுக்குள்ளும் உட்கார்ந்தது. எங்களைப் போன்ற சின்ன ஷெட்காரர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். ஒரு இன்ஜினைக் கற்றுக்கொண்டால் ஊரில் பாதி வண்டியைப் பார்த்துவிடலாம்.

விலை வித்தியாசமும் மக்களை டீசல் பக்கம் தள்ளியது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசு கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது, டீசலை விடவில்லை. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! அந்தச் சமயத்தில் யாரிடமும் பெட்ரோல் எடுங்கள் என்று சொல்ல வாய் வராது, சொன்னால் சிரிப்பார்கள். அந்த நாட்களில் விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி டீசல். 2014 அக்டோபரில் டீசல் விலையும் விடுவிக்கப்பட, இடைவெளி கரைந்தது. இன்று தமிழ்நாட்டில் அது பத்து ரூபாய்க்குள் நிற்கிறது. ஆனால் 'டீசல்னா மிச்சம்' என்ற நினைப்பு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அந்த டீசல் மோகத்தில் வண்டி எடுத்தவர்களில் இரண்டு வகையினர் என் ஷெட்டுக்கு வந்தார்கள். திருப்பூர், ஈரோடு, கரூர் என்று தினமும் சுற்றும் நூல் ஏஜென்டுகள் ஒரு வகை. அவர்கள் வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஆயில் சர்வீஸ், கிளட்ச் பிளேட் தவிர வேறு செலவு வைக்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகு வாங்கி, காய்கறி மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்தவர்கள் இன்னொரு வகை. மீட்டரில் முப்பதாயிரம் கூட ஓடியிருக்காது. புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வைக் கழற்றினால் உள்ளே கரி அப்பிக் கிடக்கும்; பேட்டரி போயிருக்கும்; பிக்கப் இருக்காது. ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின், ஒரே ஆயில். ஓடிய விதம் மட்டும்தான் வேறு.

காரணம் இதுதான். எந்த இன்ஜினும் சூடேறும் வரை தன்னையே தின்னும். குளிர்ந்த இன்ஜினுக்கு எரிபொருள் கூடுதலாகப் போகும். அதில் கொஞ்சம் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும் என்பது பலருக்குத் தெரியாது. இன்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடாகியிருந்தால் அது ஆவியாகவே போய்விடும். இரண்டு கிலோமீட்டரில் ஆஃப் செய்தால் உள்ளேயே தங்கும். ஆயிலைக் கெடுக்கும், சைலன்சரைத் துருப்பிடிக்க வைக்கும். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டால் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அது தண்ணீரின் சூடு. ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். டீசல் இன்ஜின் வீணாக்கும் சூடு குறைவு, இன்ஜின் கட்டையும் கனம். ஆகவே பெட்ரோலை விட மெதுவாகத்தான் சூடேறும். குறுகிய ஓட்டம் அதற்குத்தான் அதிகம் ஆகாது.

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. பிஎஸ்-4-லிருந்து ஐந்தைத் தாண்டி ஆறுக்கே போனார்கள். டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆகக் குறைந்தது. மாருதி டீசலையே விட்டுவிட்டது. மிச்சமுள்ள டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி வந்து உட்கார்ந்தது. புகையில் வரும் கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். ஹைவேயில் நிதானமான வேகத்தில் போகும்போது கம்ப்யூட்டரே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து அந்தச் சூட்டை உண்டாக்கி வேலையை முடித்துவிடும். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. பாதியில் வண்டியை ஆஃப் செய்தால் எரிப்பது நின்றுவிடும், அடுத்த தடவை மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். எரியாத டீசல் ஆயில் சம்ப்பில் இறங்கி, டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறும். ஆயில் குறைந்தால்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்த எங்களுக்கு, ஏறினாலும் பயப்பட வேண்டும் என்று இந்த வண்டிகள் கற்றுக்கொடுத்தன.

ஒரு நாள் ஒரு அம்மா அப்படியொரு வண்டியோடு வந்தார். "அண்ணா, வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க. மஞ்ச லைட்டு எரிஞ்சிட்டே இருக்குது."

"ஏம்மா, வண்டி கடைசியா எப்ப பைபாஸ் போச்சு?"

"பைபாஸுக்கு எங்கீங்க போறது? பள்ளிக்கூடம், மார்க்கெட், வூடு. அவ்வளவுதானுங்க."

ஸ்கேனர் போட்டதும் டிபிஎஃப் அடைப்பு என்றுதான் சொன்னது. ஆரம்ப நிலை என்றால் அவிநாசி பக்கமாக இருபது நிமிஷம், ஆர்பிஎம் 2,000-க்கு மேல் வைத்து ஓட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடலாம். அந்த வண்டி அதைத் தாண்டியிருந்தது; நிறுத்தி வைத்து ஸ்கேனர் மூலமாகவே எரிக்க வேண்டியிருந்தது. அதுவும் பலிக்காவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும். அந்தச் செலவில் நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கலாம். வண்டியிலும் குற்றமில்லை, அந்த அம்மா மேலும் குற்றமில்லை. பொருத்தம் பார்க்காமல் செய்த கல்யாணம் அது.

அப்படியானால் டீசல் வேண்டவே வேண்டாமா? காசுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரே மாடலில் பெட்ரோலை விட டீசல் ஒன்றரை லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், 15 கிலோமீட்டர் கொடுக்கிறது; கிலோமீட்டருக்கு 6.73 ரூபாய். டீசல் 92.50 ரூபாய், 19 கிலோமீட்டர்; 4.87 ரூபாய். வித்தியாசம் 1.86. ஒன்றரை லட்சத்தை அதனால் வகுத்தால் சுமார் எண்பதாயிரம் கிலோமீட்டர். மாதம் 800 ஓட்டுகிறவருக்குப் போட்ட காசு திரும்பி வர எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். மாதம் 2,500 ஓட்டுகிறவருக்கு மூன்று வருஷம் கூட ஆகாது. டீசலின் கூடுதல் சர்வீஸ் செலவும், சில வண்டிகளில் அவ்வப்போது ஊற்ற வேண்டிய யூரியாக் கரைசலும் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கை அன்றைய விலையை வைத்து நீங்களே போடுங்கள். ஷோரூம்காரர் போட்டுக் காட்டினால் அவருக்கு எது ஸ்டாக் இருக்கிறதோ அது ஜெயிக்கும்.

காசுக் கணக்கில் வராத ஒன்று மலை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி. அங்கே வேலை செய்வது பிஎச்பி இல்லை, டார்க் என்கிற முறுக்கு விசை. 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் இன்ஜின் 110, 115 நியூட்டன் மீட்டர் டார்க்தான் கொடுக்கும். அதுவும் 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டினால்தான் முழுதாகக் கிடைக்கும். வளைவில் வேகம் குறைந்ததும் முதல் கியருக்கு இறக்கி அலற விட்டால்தான் ஏறும். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் 1,500 ஆர்பிஎம்மிலேயே 170-ஐத் தொடும். ஒன்றரை லிட்டர் டீசல் அதே 1,500-ல் 250 கொடுக்கும். இரண்டாவது கியரில் பேசிக்கொண்டே ஏறலாம். மாதாமாதம் எஸ்டேட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கு நான் டீசலோ டர்போவோ சொல்வேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஊட்டி போகிறவர் அதற்காக லட்சக்கணக்கில் கூடக் கொடுக்க வேண்டாம். அன்றைக்கு ஒரு நாள் முதல் கியரில் ஏறினால் குடி முழுகிவிடாது.

டர்போ பெட்ரோல் நல்ல இன்ஜின்தான். ஆனால் அதற்குப் பொறுமையான கால் வேண்டும். மெதுவாக மிதித்தால் சின்ன இன்ஜின் போலக் குடிக்கும். அழுத்தினால் பெரிய இன்ஜின் போலக் குடிக்கும். பையன் ஓட்டும் மைலேஜும் அப்பா ஓட்டும் மைலேஜும் ஒரே வண்டியில் இரண்டு வண்டி போலத் தெரியும். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆகவே கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். தேதி தள்ளக் கூடாது. ஹைவேயில் விரட்டி வந்து டீக்கடையில் நிறுத்தும்போது ஒரு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் செய்வது நல்லது. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜின்களில் இன்னொன்றும் உண்டு: இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படாததால் அது கழுவப்படாமல் கரி சேரும். சேர்ந்தால் ஹெட் பக்கம் வேலை வைக்கும்.

சாதா பெட்ரோலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டர்போ இல்லை, உயர் அழுத்த பம்ப் இல்லை. வால்வுக்கு முன்னால் பெட்ரோல் தெளிப்பதால் அது கழுவிக்கொண்டே போகும். குறுகிய ஓட்டம் இதற்கும் நல்லதில்லை. ஆனால் எல்லாவற்றையும் விட அதிகம் பொறுத்துக்கொள்வது இதுதான். கெட்டாலும் எந்த ஊரிலும் பார்க்க ஆள் இருக்கிறது. வேகமாக ஓட்டினால் உற்சாகம் தராது என்பது உண்மை. குடும்பத்தோடு போகும்போது உற்சாகம் டிரைவருக்கு மட்டும்தான். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வாந்தி.

சிஎன்ஜிக்குக் காசுக் கணக்கு சாதகம். சின்ன பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய் ஆகிறதென்றால் சிஎன்ஜியில் மூன்றரையை ஒட்டி முடிந்துவிடும். ஆனால் கேஸ் 200 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் நிற்கிறது. அதற்குக் கனமான சிலிண்டர், அது உட்கார டிக்கி. 2023-ல் டாடா ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கித் தளத்துக்கு அடியில் வைத்த பிறகு சில மாடல்களில் பெட்டி வைக்க இடம் கிடைக்கிறது. மற்றவற்றில் பழனிக்குக் குடும்பத்தோடு போனால் சாமான் மடியில்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சிலிண்டர் டெஸ்ட் கட்டாயம். மேட்டில் இழுவை குறையும். மேடு வந்தால் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கேஸ் வறட்சியாக எரிவதால் வால்வு சீட் தேயும். கம்பெனி ஃபிட்டிங் இன்ஜின்களில் அதற்கென்று கடினமான சீட் போட்டிருப்பார்கள். காசு மிச்சம் என்று சாதா பெட்ரோல் காரில் வெளியே கிட் மாட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. முக்கியமாக, உங்கள் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகும் வழியில் பங்க் இருக்கிறதா, அங்கே வரிசை எவ்வளவு என்று பாருங்கள். தினமும் அரை மணி நேரம் வரிசையில் நின்று மிச்சம் பிடிப்பது மிச்சமா என்பது உங்கள் நேரத்தின் விலையைப் பொறுத்தது.

ஹைப்ரிட் டீசலுக்கு நேர் எதிர். டீசல் ஹைவேயில் பிழைக்கும். ஹைப்ரிட் சிட்டியில் பிழைக்கும். நின்று நின்று போகும்போது பிரேக்கில் வீணாகும் சக்தியை பேட்டரியில் பிடித்து, பெரும்பாலும் இன்ஜினை அணைத்தே ஓட்டும். 2022-ல் வந்த டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டின் ஹைப்ரிட்டுக்கும் ஏஆர்ஏஐ (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) கணக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். ஹைவேயில் ஒரே வேகத்தில் போனால் அதன் லாபம் குறையும். விலையும் ஒசத்தி. கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டு நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் செலவழிக்கிறவருக்கு அது கட்டுப்படியாகும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் மட்டுமே உள்ளவருக்கு எலெக்ட்ரிக் இன்னும் பொருத்தம். சூடேற வேண்டிய இன்ஜினே அதில் இல்லை. வீட்டு வாசலில் நிறுத்த இடமும் சார்ஜ் போட லைனும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மெக்கானிக் நானே இதைச் சொல்கிறேன் என்று சிலர் ஆச்சரியப்படுவார்கள். பொருத்தம் என்றால் பொருத்தம்.

பிரவுச்சரில் உள்ள எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏஆர்ஏஐ மைலேஜ், ரோலர் மேல் வண்டியை நிறுத்தி அளப்பது. அந்தச் சோதனையில் வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. மேடும் இல்லை, மாமியாரும் இல்லை. அதில் நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் உங்கள் வண்டி கொடுப்பது ஓரளவு வரும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னும் கொஞ்சம் குறையும். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். இன்ஜின் அளவெல்லாம் ஏன் 1,197, 1,199, 1,493, 1,497 என்று இருக்கிறது என்று கேட்பார்கள். எல்லாம் வரிதான். நாலு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1,200, டீசலில் 1,500 சிசிக்குள் இன்ஜினும் இருந்தால்தான் சின்ன கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மீறினால் 40. கோட்டுக்கு இந்தப் பக்கமுள்ள வண்டி உங்களுக்குப் போதுமென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலத்தில் பாதியில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும் வண்டியைக் கொடுத்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். டைமிங் செயினா பெல்ட்டா, பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். பெல்ட் அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்துவிடும். இன்ஜினையே இறக்க வேண்டியதுதான். ஒரு இன்ஜெக்டர் விலை என்ன, கிளட்ச் செட் விலை என்ன என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இனி என் தீர்ப்பு. ஒரு ஓட்டம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிகிறவர்கள் சாதா பெட்ரோலோ எலெக்ட்ரிக்கோ எடுங்கள். டீசலைத் தொட வேண்டாம். சிட்டியிலேயே நீண்ட நேரம் ஓட்டுகிறவர்கள், கையில் காசிருந்தால் ஹைப்ரிட், வழியில் பங்க் இருந்தால் சிஎன்ஜி. வாரா வாரம் ஹைவே, மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றால் தயங்காமல் டீசல். அடிக்கடி மலை, ஆனால் மொத்த ஓட்டம் குறைவு என்றால் டர்போ பெட்ரோல். இதில் எதிலும் சேராமல் நடுவில் நிற்கிறவர்களுக்குச் சாதா பெட்ரோல் ஒருபோதும் துரோகம் செய்யாது.

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு மாதம் பொறுங்கள். இப்போதுள்ள வண்டியிலோ, வாடகை வண்டியிலோ, பைக்கிலோ எங்கெங்கே போனீர்கள், ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு அந்த நோட்டைப் பார்த்து புக்கிங் கொடுங்கள்.